பேனா பட்டன் மட்டும் அசையவில்லையா?

வேலூரில் பேனர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர்களில் லினக்ஸுக்கு மாறியவர்களுக்காக இது. டிராயிங் டேப்லெட்டை இயக்கும் 'ஓப்பன் டேப்லெட் டிரைவர்' (OpenTabletDriver) மென்பொருளில் கோடு அழகாக விழுகிறது, பேனா பட்டன் மட்டும் கப்சிப்பா? புதுப் பேனா தேடிக் காட்பாடி ரோட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் அந்த மென்பொருளில், பேனா அனுப்பும் தகவலைக் காட்டும் 'டேப்லெட் டிபக்கர்' ஜன்னலைத் திறந்து பட்டனை அழுத்துங்கள். அங்கே மாற்றம் தெரிந்தால் பேனாவில் கோளாறு இல்லை, செட்டிங்கில்தான்.

அப்புறம் அவுட்புட் மோடைப் பாருங்கள்; பேனாவின் அசைவு கம்ப்யூட்டருக்கு எப்படிப் போகிறது என்பதைச் சொல்வது அதுதான். அது ஆர்ட்டிஸ்ட் மோடு (மவுஸாக இல்லாமல் பேனாவாகவே போகும் முறை) என்றால், பட்டனுக்கு மவுஸ் கிளிக்கைக் கொடுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பேனா செட்டிங்ஸில் 'லினக்ஸ் ஆர்ட்டிஸ்ட் மோடு' வகையைத் தேர்ந்து, பென் பட்டன் 1 அல்லது 2 வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். 'அப்ளை' அழுத்தினால் அப்போதைக்கு மட்டும்தான். 'சேவ்' கொடுக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பழைய செட்டிங்கே வந்து நிற்கும்.