மருத்துவக் கருவித் தொழிலில் ‘பேசி முடிச்சுக்கலாமுங்க’ என்று விட்டுவிடும் தவறுகள்

பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் செய்து பழகிய ஊர் நம்முடையது. அந்தப் பழக்கத்தை வைத்தே இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில், ஆபரேஷன் உபகரணம், எலும்புக்கு வைக்கும் பிளேட்டு, காயத்துக்குக் கட்டும் துணி என்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பலர் இறங்கியிருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் சரக்கு மாறியும் தொழில் நடத்தும் முறை அப்படியேதான் இருக்கிறது. யாருக்கு யார் என்ன உறவு என்று எல்லோருக்கும் தெரியும், போனில் ஒரு வார்த்தை சொன்னால் லாரி கிளம்பும், தப்பு வந்தால் உட்கார்ந்து பேசி அன்றைக்கே முடித்துவிடுவார்கள். பம்பு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அது போதும், ஏனென்றால் நஷ்டப்படுகிறவர் அந்தப் பேச்சில் இருக்கிறார். மருத்துவக் கருவியில் அவர் இருப்பதில்லை. விற்றவரும் டீலரும் பேசி முடித்துக்கொள்கிறார்கள், பிளேட்டு காலுக்குள் இருக்கிற ஆளுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. கீழே சொல்லப்போகிற தவறுகள் எல்லாமே இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன.

“இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்”

முதலில் இந்த நினைப்பை விட வேண்டும். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இல் வந்து, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆபத்தின் அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. ஏ, பி வகுப்புக்கு 2022 அக்டோபர் முதலும், சி, டி வகுப்புக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயம். ஸ்டெரைல் (கிருமி நீக்கம்) செய்யாத, அளக்கும் வேலை இல்லாத ஏ வகுப்புச் சாமான்களுக்கு மட்டும் பதிவு செய்தால் போதும். முதலிரண்டு வகுப்புக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பின்னிரண்டுக்கு டெல்லியில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. பத்து பேர் வேலை செய்கிற ஷெட் என்றாலும் ஆயிரம் பேர் ஃபேக்டரி என்றாலும் இதில் வித்தியாசம் கிடையாது. ஜாப் ஆர்டர் மட்டும் செய்து கொடுக்கிறவர்களும் “லேபிள் அவங்களுது, பொறுப்பும் அவங்களுது” என்று நினைக்கக்கூடாது. உரிமம் வைத்திருப்பவர் சட்டத்துக்குப் பதில் சொல்வார் என்பது சரி, ஆனால் அளவு தப்பிய ஸ்க்ரூவை உங்கள் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் தெரிந்தே தள்ளிவிட்டிருந்தால், அது உங்கள் கையிலிருந்துதான் போனது.

புகார் வந்தால் மாற்றிக் கொடுத்து மூடிவிடுவது

என் கணக்கில் இதுதான் ஆகப் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது, “ஏனுங்க, உங்க பிளேட்டு ஒண்ணு மூணு மாசத்துல உடைஞ்சிருச்சு” என்கிறார்கள். நம் ஆள் உடனே புது பிளேட்டு அனுப்பி, மன்னிப்புக் கேட்டு, அடுத்த பில்லில் கழித்தும் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர் உறவு என்று பார்த்தால் அருமையான சேவை. ஆனால் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறியிருக்காது, உடைந்த துண்டு திரும்பி வந்திருக்காது, அது எந்த பேட்ச் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதே ராடில் வெட்டிய மற்ற பிளேட்டுகள் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயின என்ற கேள்வியே எழாது. சேலத்தில் ஒன்று, கரூரில் ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று என்று தனித்தனியாக உடைந்தால், மூன்று டீலருக்கும் மூன்று தனித்தனி துரதிர்ஷ்டமாகத்தான் தெரியும். மூன்றும் ஒரே பேட்ச் என்பது எழுதி வைத்தால் மட்டுமே தெரியும்.

எதிர்பாராத தீவிர பாதிப்பு என்று சந்தேகம் வந்தாலே, தெரியவந்த 15 நாளுக்குள் உரிமம் கொடுத்த அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. சந்தேகம் வந்தாலே போதும், “நம்ம தப்புதானானு உறுதியான பிறகு சொல்லிக்கலாம்” என்று காத்திருக்கக்கூடாது. இது போக 2015 ஜூலையில் தொடங்கிய கருவிப் பாதிப்புக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் (இந்தியன் பார்மகோபியா கமிஷன்) அதை நடத்துகிறது. நர்ஸ், பயோமெடிக்கல் எஞ்சினியர், ஏன் நோயாளியேகூட அதற்கு எழுதலாம். அதாவது நீங்கள் மூடி வைத்ததை இன்னொருவர் எழுதினால், மறைத்தீர்கள் என்ற பெயரும் சேர்ந்து வரும்.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ கம்பெனி செய்த ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு விவகாரம் ஞாபகம் இருக்கலாம். உலோகத்தின் மேல் உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. ஆஸ்திரேலியாவில் 2009இலேயே விற்பனையை நிறுத்தினார்கள், 2010 ஆகஸ்டில்தான் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அதை வைத்திருந்தார்கள், அதில் பெரும்பகுதி ஆட்களைப் பின்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 2018இல் அரசு இழப்பீட்டுச் சூத்திரம் போட்டு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று முடிவு செய்தபோது, யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் முழுதாக இல்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே எது யார் உடம்பில் இருக்கிறது என்று தெரியாமல் போனதென்றால், டீலர் நோட்டை நம்பி உட்கார்ந்திருக்கும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆடிட்டுக்கு முந்தைய ராத்திரி ரெஜிஸ்டர் எழுதுவது

ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஆறு மாத ரீடிங். இதை ஒழுங்கின்மை என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள், உண்மையில் இது பொய் ஆவணம். ஸ்டெரிலைசேஷன் பேட்சில், கிருமி நீக்கம் நடந்ததைக் காட்டும் இண்டிகேட்டர் சரியாக நிறம் மாறவில்லை என்று ஒரு பையன் வந்து சொல்கிறான். “இருக்கட்டும் கண்ணு, காலைல லாரி ஏறணும்” என்று பதில் வருகிறது. மறுநாள் ரெஜிஸ்டரில் ‘சரி’ என்று டிக். அந்தப் பையன் இனிமேல் வந்து சொல்லவே மாட்டான், அதுதான் அந்த பேட்சைவிடப் பெரிய நஷ்டம்.

பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி மார்பக இம்ப்ளாண்டில் மருத்துவத் தர சிலிக்கானுக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலை சிலிக்கானை ஊற்றி வருடக்கணக்கில் விற்றது. ஆய்வாளர்கள் வரும் நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால், அதற்குள் டப்பாக்களையும் பேப்பர்களையும் ஒளித்துவிடுவார்கள். 2010இல் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போனபோதுதான் மாட்டியது, 2013 டிசம்பரில் அதன் நிறுவனருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை. அங்கே வேலை செய்த பலருக்கு விஷயம் தெரிந்தேதான் இருந்தது.

மாதிரிக்கு ஒன்று, சப்ளைக்கு ஒன்று என்பதும் இதே ரகம். 2020இல் திருப்பூர் யூனிட்டுகள் பனியனை நிறுத்திவிட்டு மாஸ்க்கும் உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடையும் தைத்தபோது, கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி மையத்தில்தான் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று துணியைச் சோதித்தார்கள். தேறிய ஒவ்வொரு மாதிரிக்கும் தனி எண் கொடுத்தார்கள். சர்டிபிகேட் அந்தத் துணிக்கு, அந்தத் தையலுக்கு. கம்பெனிக்கு மொத்தமாகக் கிடைத்த பட்டம் என்று அதை நினைத்து, மலிவாக வந்த வேறு ரோலில் தைத்தால், அந்த சர்டிபிகேட் செல்லாது. போட்டுக்கொள்ளும் நர்ஸுக்கு அது தெரியவும் தெரியாது.

டாக்டருக்கு ‘மரியாதை’

நம் பக்கம் சீர் செய்வதும் மொய் வைப்பதும் ஊறிப்போன விஷயம், வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதும் ஊறிப்போனது. அதனால்தான் இது ஆபத்து. தீபாவளிக்குத் தங்கக்காசு போனால், அடுத்த ஆபரேஷனில் எந்த பிளேட்டு என்ற முடிவில் அந்தக் காசும் உட்கார்ந்திருக்கும். டாக்டர்கள் பரிசு, பயணம், பணம் வாங்கக்கூடாது என்று 2009 முதலே அவர்களுடைய நெறிமுறையில் இருக்கிறது. கொடுக்கும் கம்பெனிகளுக்கும் 2024 செப்டம்பரில் மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு சந்தைப்படுத்தல் நெறிமுறை வந்திருக்கிறது. விளம்பரச் செலவு என்று எழுதி வரி கழிக்கலாம் என்றால், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கும் கதவைச் சாத்திவிட்டது. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள். அரசு டாக்டர் என்றால் விஷயம் இன்னும் கடுமை, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி, கம்பெனியும் குற்றவாளி. மிரட்டி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

“நான் கொடுக்கலை, டீலர் கொடுத்தார்” என்பதும் எடுபடாது. சில தனியார் ஆஸ்பத்திரிகள் கேட்டபடி இந்திய டீலர்கள் விலையைக் கூட்டி பில் போட்டது உட்பட, கணக்குக் கட்டுப்பாட்டில் இருந்த ஓட்டைகளுக்காக ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்க மருத்துவக் கருவிக் கம்பெனிக்கு 2018இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 78 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அந்தக் கூடுதல் விலை கடைசியில் நோயாளி தலையிலோ இன்சூரன்ஸ் தலையிலோதான் விழும்.

சொன்னது யாரென்று தேடுவது

துறைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய்விட்டால், நம் முதலாளிகள் முதலில் கேட்பது “எவன் எழுதினது?” என்றுதான். எழுதியது உண்மையா என்பது இரண்டாவதாகவும் வருவதில்லை. ஆளைக் கண்டுபிடித்து நைட் ஷிஃப்டுக்குத் தள்ளுவது, சொந்தக்காரர்கள் மூலம் அழுத்தம் கொடுப்பது, அடுத்த கம்பெனியில் வேலை கிடைக்காதபடி சொல்லி வைப்பது என்று போகும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் இது அந்தக் குடும்பத்தையே முடக்கிவிடும், எனக்கு இதைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. பட்டியலிட்ட கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியவை, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவை ஆகியவற்றில் முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். நம் பட்டறைகளில் பெரும்பாலானவை அதற்குள் வராது. சட்டம் கேட்காவிட்டாலும் வையுங்கள். ஆனால் புகார் வாங்கும் ஆளாக முதலாளியின் மச்சானைப் போடாதீர்கள், பர்ச்சேஸ் பார்ப்பவரே அவர்தான் என்றால் யார் போய்ச் சொல்வார்கள்? வெளியில் உள்ள ஒரு வக்கீலோ, ஓய்வுபெற்ற தர அதிகாரியோ போதும்.

சொல்கிறவர் தவிர்க்க வேண்டியவை

2014இல் நிறைவேறிய முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று தைரியமாக இறங்காதீர்கள். அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, வந்தாலும் அரசு ஊழியர்கள் செய்யும் முறைகேட்டுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனி ஆளுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஆகவே கோபத்தில் ராஜினாமா செய்துவிட்டுப் புகார் எழுதுவது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுவது, நோயாளிகளின் பெயர் உள்ள கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வருவது, இந்த மூன்றும் வேண்டாம். கடைசியது உங்களையே குற்றவாளியாக்கிவிடக்கூடும்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத் தெரனோஸ் ரத்தப் பரிசோதனைக் கம்பெனியில் வேலை பார்த்த எரிகா சங் நல்ல உதாரணம். கம்பெனி மோசடி என்று பொதுவாகக் கத்தாமல், தரக்கட்டுப்பாட்டுச் சோதனையில் எந்த முடிவுகளைத் தள்ளிவிட்டார்கள் என்று தான் கண்ணால் பார்த்ததை, ஆய்வகங்களை மேற்பார்க்கும் அரசு அமைப்புக்கு 2015இல் எழுதினார். அவர்கள் நேரில் வந்து சோதித்தார்கள். நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதே ஆண்டு நவம்பரில் 11 ஆண்டுக்கு மேல் தண்டனை பெற்றார்.

நீங்களும் அப்படியே செய்யலாம். தேதி, பேட்ச் எண், எந்த மெஷின், யார் என்ன சொன்னார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். பார்த்ததைத் தனியாக, கேள்விப்பட்டதைத் தனியாக எழுதுங்கள். முதலில் தரப்பிரிவுப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோ பதில் மெயிலோ வைத்துக்கொள்ளுங்கள். அவரே சம்பந்தப்பட்டவர் என்றால் நேராக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு டெலிவரி அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள், நகலை ஒரு வக்கீலிடம் கொடுத்து வையுங்கள். அந்த பேட்ச் இன்னும் குடோனில்தான் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதா என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள், ஆய்வாளர் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.