வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா? நீலகிரி மாற்றுத்திறனாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேலைக்குப் போனால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்." மாற்றுத்திறனாளி உள்ள வீடுகளில் இந்த ஒரு பேச்சு எத்தனையோ வேலைகளைக் கெடுத்திருக்கிறது. குன்னூரில் டீத்தூள் பேக்கிங், உதகையில் காட்டேஜ் வரவேற்பு மேசை, கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை என்று தேடி வந்த வேலையை, மாதம் வரும் 1500 ரூபாயை நினைத்து வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. யாரிடமும் மூச்சு விடாமல் வேலையில் சேர்ந்துவிட்டு, பிறகு அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தபோது பதில் சொல்ல முடியாமல் திண்டாடியவர்களும் உண்டு. இந்த இரண்டு தரப்பும் பார்க்கத் தவறியது ஒன்றைத்தான்: கையில் வரும் பணம் எந்த அலுவலகத்தின் பணம், அதற்கு என்ன நிபந்தனை?

எந்தப் பணம் என்று தெரியாமல் முடிவெடுப்பது

தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் மூலம் வருவது வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் இது 1000 ரூபாயிலிருந்து 1500 ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு மாதம் 2000 ரூபாய் தருகிறார்கள். இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது. வங்கிக் கணக்கில் பணம் வந்தால் போதும் என்று இருப்பதால், தனக்கு வருவது இதில் எது என்றே பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகை. பதிவு செய்து ஓராண்டு முடிந்த மாற்றுத்திறனாளிக்குப் பத்தாம் வகுப்பு வரை மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டப்படிப்புக்கு 1000 ரூபாய் என்று பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும். பொதுப் பிரிவினருக்கு உள்ள குடும்ப வருமான உச்சவரம்பு மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. ஆனால் இது வேலை இல்லாதவருக்கான பணம். தனியார் வேலையில் சேர்ந்தாலும் சரி, சொந்தமாகப் பெட்டிக்கடை போட்டாலும் சரி, அதோடு தகுதி முடிந்துவிடும். ஆண்டுதோறும் "வேலையில் இல்லை" என்று சுய உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். வேலைக்குப் போய்க்கொண்டே அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

நீலகிரியில் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொரு பணம் குடும்ப ஓய்வூதியம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் வெலிங்டன் ராணுவ மையத்திலும் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பெற்றோர் காலத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்கக் கிடைக்க வழி இருக்கிறது. முன்பு, பிள்ளையின் மாத வருமானம் 9000 ரூபாயையும் அதற்கான அகவிலை நிவாரணத்தையும் (விலைவாசிக்கேற்ப ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரும் தொகை) தாண்டினால் தகுதி இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இந்த விதியைத் தளர்த்தியது. இப்போது பிள்ளையின் மற்ற வருமானம், இறந்தவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதத்தையும் அதற்கான அகவிலை நிவாரணத்தையும் சேர்த்த தொகைக்குக் கீழே இருந்தால் போதும். அதே ஆண்டில் ராணுவக் குடும்பங்களுக்கும் இதை நீட்டித்தார்கள். அப்பாவின் கடைசிச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதம் 12,000, அதற்கு மேல் அகவிலை நிவாரணம். மகள் ஒரு கடையில் கணக்கு எழுதி 8000 ரூபாய் சம்பாதித்தாலும் ஓய்வூதியத்துக்கு ஆபத்து இல்லை. வேலைக்குப் போனாலே ஓய்வூதியம் போய்விடும் என்று பயந்து பெண்ணை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் பாஸ்புக்கை எடுத்து, பணம் எந்த அலுவலகத்திலிருந்து வரவாகிறது என்று பாருங்கள். அப்புறம் உதவித்தொகையை அனுமதித்த ஆணையைத் தேடுங்கள். நிபந்தனைகள் அதில் இருக்கும். ஆணை தொலைந்திருந்தால் நகல் கேட்டு மனு கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நின்றுபோனது உங்களுக்கும் நிற்கும் என்று நினைக்காதீர்கள், அவர் வாங்கியது வேறு திட்டமாக இருக்கலாம்.

சொல்லாமல் சேர்வது

சம்பளத்தை அண்ணன் கணக்கில் போடச் சொல்வது, வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் எழுதச் சொல்வது எல்லாம் இங்கே நடக்கிறது. முதலாளிக்கும் இது வசதிதான், பி.எப். கட்ட வேண்டாமே! நாளைக்கு அடிபட்டால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு ஒரு காகிதம்கூட இருக்காது. பி.எப். கணக்கும் ஆதாரோடு, உதவித்தொகையும் ஆதாரோடு என்று ஆன பிறகு ஒளிக்கவும் முடியாது. தகுதி போன பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னால், சம்பளத்திலிருந்துதான் அதைக் கட்ட வேண்டியிருக்கும்.

சேர்ந்த தேதி, சம்பளம், நிறுவனத்தின் பெயர் இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, உதவித்தொகை தரும் அலுவலகத்துக்குக் கொடுங்கள். "இந்த வருமானத்தில் என் உதவித்தொகை தொடருமா என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்" என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இரண்டு மாத வேலைக்காக எழுதிக் கொடுப்பது

ஏப்ரல், மே சீசனில் ஓட்டல்களும் சாக்லேட் கடைகளும் ஆள் எடுக்கும், ஜூன் மழை தொடங்கியதும் அனுப்பிவிடும். சிலர் பயந்துபோய் "எனக்கு இனி உதவித்தொகை வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இது தேவையில்லாத அவசரம். வேலை தற்காலிகம் என்பதையும் எந்த மாதம் முடியும் என்பதையும் தெரிவித்து, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். திரும்ப விண்ணப்பித்தால் விசாரணை, ஒப்புதல், வரிசை என்று எல்லாமே முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு மாதம் பணம் வரவில்லை என்றால் வேலைக்குப் போனதால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருடக்கணக்கில் தேயிலை கிள்ளிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். வீட்டுக்கே பணம் கொண்டுவரும் வங்கித் தொடர்பாளரின் கருவியில் அப்படி ஒரு அக்கா கட்டை விரலை வைப்பார், துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், அடுத்த விரலை வைப்பார், கருவி ஏற்காது. கணக்கில் பணம் இருக்கும், கைக்கு வராது. வங்கிக் கிளைக்கே போய்ப் பணம் எடுப்பதுதான் அதற்கு வழி. பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடிபட்டவுடன் ராஜினாமா எழுதுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். மலைப்பாதையில் பஸ் ஓட்டிய ஓட்டுநருக்குப் பார்வை குறைகிறது, அல்லது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்குக் கால் போகிறது. "இனி உன்னால் முடியாது, எழுதிக் கொடுத்துவிடு" என்று யாரோ சொல்ல, அவரும் மனம் உடைந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20 என்ன சொல்கிறது தெரியுமா? பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்கலாம். போக்குவரத்துக் கழகம், டான்டீ போன்ற அரசு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ராஜினாமா கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். மருத்துவ விடுப்பில் இருங்கள், சான்றிதழ் வாங்குங்கள், மாற்றுப்பணி கேட்டு எழுதுங்கள்.

தனியார் வேலையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இரண்டு வகைப் பணம் உண்டு. குணமாகும் வரை தரும் தற்காலிக ஊனப் பயனை, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய நாட்களுக்கு வாங்கக் கூடாது. நிரந்தர ஊனப் பயன் அப்படியல்ல, நீங்கள் திரும்ப வேலைக்குப் போனாலும் அது தொடரும். இது தெரியாமல் வேலைக்குத் திரும்பப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பும் மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000.

அட்டையும் சான்றிதழும்

வேலை கிடைத்ததும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு கேட்கவும், பழைய முறையில் வருமான வரி கட்டுவோர் 75,000 ரூபாய் கழிவு (ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000) பெறவும் உங்கள் மாற்றுத்திறனைக் காட்டும் சான்று வேண்டும். தற்காலிகச் சான்றிதழ் என்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள். சதவீதத்தைக் கூட்டிப் போட்டுத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

போகிற வழியைக் கேட்காமல் ஒப்புக்கொள்வது

சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறோம். மலையில் வேலை என்றால், ரோட்டிலிருந்து எத்தனை படி இறங்க வேண்டும், கழிப்பறை எந்தத் தளத்தில், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்க வேண்டும். காட்டெருமை நிற்கும் வளைவில் ஆறு மணிக்கு மேல் ஊன்றுகோலோடு நடக்க முடியாது. பணிபுரியும் இடத்துக்குச் சென்றுவர மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் கட்டணமில்லாப் பயண அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அரை மணி முன்னதாகக் கிளம்ப அனுமதி, தரைத்தளத்தில் இருக்கை போன்றவற்றைச் சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு என்னென்ன வசதி தருவோம் என்று சம வாய்ப்புக் கொள்கையில் எழுதி வைத்திருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது அந்தக் கொள்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.