தடைக்காலத்தில் தூண்டில் போடுகிறார்களா? இப்படித் தகவல் கொடுங்கள்

இனப்பெருக்கத் தடைக்காலத்தில் யாராவது மீன் பிடிப்பதைப் பார்த்தால் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, அங்கிருந்தே மீன்வளத் துறைக்குப் போன் செய்யுங்கள். மறுநாள் சொன்னால் பெரும்பாலும் பிடிக்க ஆளும் இருக்காது, மீனும் இருக்காது.

அதற்கு முன் ஒன்று: தடை எல்லா மீனுக்கும், எல்லா நீர்நிலைக்கும் ஒரே மாதிரி இருக்காது. அந்த மீனுக்கு, அந்த இடத்தில் இப்போது தடை உண்டா என்று பார்த்துவிடுங்கள். தப்பு செய்யாதவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

போனில் சொல்ல வேண்டியவை: சரியான இடம் (மொபைல் மேப்பில் இருப்பிடத்தைக் குறித்து வைத்தால் நல்லது), நேரம், எத்தனை பேர், வண்டி எண், தூண்டிலா வலையா, பிடித்த மீனை வைத்துக்கொண்டார்களா, திரும்பத் தண்ணீரில் விட்டார்களா. இந்தக் கடைசி விவரம் ரொம்ப முக்கியம். விட்டுவிட்டால் சில இடங்களில் குற்றமே இல்லை. போட்டோ எடுத்தால் அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.

விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வரும்போது பெற்ற மீன் பக்கத்திலேயே காவல் நிற்கும். அந்த நேரத்தில் அதைத் தூக்கிவிட்டால், குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.