டேக்-ஆஃப் ஆனதும் இன்ஜின் நிற்காமலிருக்க: புறப்படும் முன் எரிபொருள் சோதனை

இன்ஜின் ஸ்டார்ட் ஆயிற்று, டாக்ஸியும் ஆயிற்று, அப்படியென்றால் எரிபொருள் ஒழுங்காக வருகிறது என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். எரிபொருள் வால்வு மூடியிருந்தாலும் குழாயிலும் வடிகட்டியிலும் மிச்சமிருப்பதைக் குடித்து இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடும். முழு த்ராட்டில் கொடுத்ததும் அது மளமளவென்று தீரும். அதற்குள் நீங்கள் சில நூறு அடி மேலே போயிருப்பீர்கள்.

கீழே உள்ளவை செஸ்னா 172எஸ் என்ற சிறிய ஒற்றை இன்ஜின் விமான ரகத்துக்கு. வேறு ரகமென்றால் அதன் கையேட்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

1. கேஜை நம்பாமல் டேங்கில் அளவுகுச்சி விட்டுப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் தடவிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் இரவு மழை நேரே டேங்குக்குள் இறங்கும்.

2. எரிபொருளை வடித்துப் பாருங்கள். வடிகால்கள் மொத்தம் 13: இறக்கைக்கு 5 வீதம் 10, மூக்கடியில் 3. அன்றைய முதல் பறத்தலுக்கு முன்பும் ஒவ்வொரு முறை நிரப்பிய பின்பும் ஒன்றுவிடாமல் வடிக்க வேண்டும். இந்த விமானத்துக்கான பெட்ரோல் 100எல்எல் நீல நிறம். தண்ணீர் கனமானது, குப்பியின் அடியில் கோடு பிரிந்து நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடே தெரியாது, பலர் ஏமாறுவது இங்கேதான். வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் ஜெட்டுகளும் நிற்கின்றன. தவறி அவற்றின் எரிபொருளான ஜெட் ஏ-1 கலந்திருந்தாலும் நீலம் மங்கலாகத் தெரியக்கூடும். ஆகவே நிரப்பிய ரசீதில் எரிபொருளின் பெயரையும் வாசியுங்கள்.

3. உள்ளே ஏறியதும் எரிபொருளை அடைக்கும் ஷட்-ஆஃப் குமிழை முழுக்க உள்ளே தள்ளுங்கள், அப்போதுதான் வழி திறந்திருக்கும். எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டுமென்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை 'போத்' (இரண்டு டேங்கும்) நிலைக்குத் திருப்பி, அது பள்ளத்தில் 'டக்'கென்று உட்காருவதை விரலால் உணருங்கள். வாயால் "போத்" என்று சொல்லிவிட்டுக் கை வைக்காமல் கடப்பதுதான் வழக்கமான கோட்டை விடல்.

4. ரன்-அப், அதாவது புறப்படும் முன் இன்ஜின் சோதனை, 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுழற்சி). தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றில் மட்டும் ஓட்டும்போது 150 ஆர்பிஎம்முக்கு மேல் குறையக்கூடாது, இரண்டுக்குமான வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடாது. இதன்பின் செலக்டரைத் தொடாதீர்கள். நடுவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கூப்பிட்டால் அந்தச் செக்லிஸ்ட்டை முதலிலிருந்து தொடங்குங்கள்.

5. ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஆர்பிஎம்மையும் ஆயில் அழுத்தத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 1,800 மீட்டருக்கு மேல் நீளும் சிலேத்தார் ஓடுபாதையில் நிறுத்த இடம் தாராளம்.

6. அப்படியும் நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்துங்கள். ஃப்ளாப் (இறக்கையின் பின்மடல்) இறக்காமல் 70 நாட் வேகம், ஃப்ளாப் இறக்கியிருந்தால் 65. நேர் எதிரே இறங்குங்கள், ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தால் வேகம் செத்து விழும். மிக்ஸ்சர், எரிபொருள், இக்னிஷன், மாஸ்டர் எல்லாவற்றையும் அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். சிலேத்தாரின் ஓடுபாதை 03-இல் புறப்பட்டால் எதிரே ஜோகூர் நீரிணை. உயிர்காப்பு அங்கியை வெளியே வந்த பிறகே ஊதுங்கள். உள்ளேயே ஊதினால் கதவில் சிக்கிக்கொள்வீர்கள்.