மழலையைப் பதிவு செய்யும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பிள்ளை பேச்சு பழகுவதை வீட்டிலேயே பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் கூடத்து மூலையில் சிசிடிவி கேமரா ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். திருடனைப் பிடிக்க அது போதும், மழலைக்குப் போதாது. பல கேமராக்கள் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து (மாதிரி எடுத்து)தான் பதிகின்றன. அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஒலி எதுவும் தங்காது. ‘ஸ்’ ஒலியின் பெரும்பகுதி அதற்கும் மேலே இருப்பதால், பிள்ளை ‘பஸ்ஸு’ என்றதா ‘பத்து’ என்றதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் அமைப்பு இன்னும் மோசம். பல கருவிகளில் முதல் சில நொடிகள் போய்விடும். அப்பத்தா “இந்த உருண்டை யாருக்கு?” என்று கேட்டது பதிவில் இருக்காது, பிள்ளையின் “எனக்கு” மட்டும் இருக்கும். கேள்விக்குப் பதிலா, தானாகப் பேசியதா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது?

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் இருந்த மைக்கை 4 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் போச்சு. வீட்டுக்குள் சுவர் எதிரொலியால் கொஞ்சம் ஈடாகும், ஆனால் அந்த எதிரொலியே சொல்லைக் குழப்பிவிடும். ஃபேன் இரைச்சலோ அப்படியே இருக்கும். பிறகு சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமில்லை, அதனால் மைக்தான் பிள்ளையிடம் போக வேண்டும். சின்ன ரெக்கார்டரை மெல்லிய பருத்திச் சட்டையின் நெஞ்சுப் பையில் போட்டு, பையின் வாயைத் தைத்துவிடுங்கள். மைக் துளை வெளிப்பக்கம் இருக்கட்டும். கஞ்சி போட்ட துணி சரசரக்கும். கழுத்தில் கயிறு கூடாது, பட்டன் பேட்டரி உள்ள கருவி கூடவே கூடாது.

ரெக்கார்டரில் சுருக்காத வேவ் (WAV) வடிவம், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 எம்பி ஆகும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; மெல்லிய முணுமுணுப்பையும் இரைச்சல் என்று அது அழித்துவிடும்.

மின்வாரியத்தின் மாதாந்தர ஷட்டவுன் முடிந்து கரண்ட் வந்ததும் சில மலிவு கருவிகளின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். வயதுக் கணக்கு அதோடு தவறும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் பிள்ளையின் வயதையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

நாள் முழுக்கப் பதியும் ஆசையும் வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர் டெப் ராய் தன் வீட்டுக் கூரையில் 11 கேமராக்களும் 14 மைக்குகளும் பொருத்தி, மூன்றாண்டுகளில் சுமார் 90,000 மணி நேர வீடியோ சேர்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆய்வுக்கூடமே இருந்தது. வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமே தாராளம், அதைக் கேட்டுக் கேட்டு எழுதி முடிக்கவே அரை நாள் ஓடிவிடும். மத்தியானச் சோறு ஊட்டும் நேரம் போல ஒரே வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஒலிபெருக்கி அலறும் ஆடி வெள்ளியைத் தவிருங்கள். “அத்தைக்கு டாட்டா சொல்லு” என்று சொல்லவைத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எதிரொலி.

எழுதும்போது திருத்தாதீர்கள். இதில்தான் படித்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். பிள்ளை ‘பயம்’ என்றால் ‘பயம்’ என்றே எழுதி, பக்கத்தில் ‘பழம்’ என்று குறியுங்கள். வீட்டுப் பெரியவர்களே ‘பளம்’ என்பவர்களானால், பிள்ளை சொல்லும் ‘பளம்’ பிழையே அல்ல, கேட்டதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. சௌராஷ்டிர மொழியும் பேசும் வீடுகளில் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். நேரக் குறிப்போடு எழுத எலான் என்ற இலவச மென்பொருள் போதும்.

வீட்டு வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டார் குரலும் பதிவாகும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குளிப்பாட்டும் இடத்தில் கேமரா வேண்டவே வேண்டாம். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 24 மாதத்தில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், இன்னும் இரண்டு மாதம் பதிந்து பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை மருத்துவரைப் பார்த்து, முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். இரண்டு நிமிடத் துணுக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.