கமடோர் 64-இல் இன்றைய சி மொழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1982-இல் வெளிவந்த கமடோர் 64 கணினிக்கு இன்றும் சி மொழியில் நிரல் எழுதலாம். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள சிசி65, கிளாங் என்னும் சி கம்பைலரை அடித்தளமாகக் கொண்டு பிற்காலத்தில் உருவான எல்எல்விஎம்-எம்ஓஎஸ் ஆகிய கம்பைலர்கள் (சி வரிகளைக் கணினியின் கட்டளைகளாக மாற்றும் நிரல்கள்) இதற்கு உதவுகின்றன. ஆனால் கம்பைலர் ஓடுவது நம் மேசையிலுள்ள புதிய கணினியில்தான். பழைய கணினிக்குப் போய்ச் சேர்வது அது உருவாக்கித் தரும் பைட்டுகள் மட்டுமே. அந்த பைட்டுகளைத் திறந்து பாராமல், எழுதிய சி வரிகளை மட்டும் பார்த்து நிறைவடைவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

மாறிகளின் அளவைக் கவனிக்காதது அவற்றுள் மிகப் பரவலானது. இக்கணினியின் 6510 புராசசரில் ஏ, எக்ஸ், ஒய் என்னும் மூன்று ரெஜிஸ்டர்களும் (புராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) எட்டு பிட் அளவுள்ளவை. பழக்கத்தால் 'இன்ட்' என்று எழுதிவிட்டால், நூறு முறை மட்டுமே சுற்றும் லூப்பிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பைட்டுகளைக் கையாள நேரிடுகிறது. 255-ஐத் தாண்டாத எண்ணிக்கைக்கு, எதிர்மறை எண் இல்லாத எட்டு பிட் வகையான 'அன்சைன்ட் கேர்' போதும். சிசி65-இல் 'இன்ட்' 16 பிட்தான் என்பதால், விளையாட்டின் புள்ளிக்கணக்கு 32767-ஐத் தாண்டும்போது தடம் புரளும். அதே கம்பைலரில் 'கேர்' என்று மட்டும் எழுதினால் அதில் எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை. ஆகவே சுழியத்துக்குக் கீழே இறங்கும்போது நிற்க வேண்டிய லூப் நிற்காமலே ஓடும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இந்தப் புராசசரில் கட்டளைகளே இல்லை. தசமப் புள்ளி எண்களைச் சிசி65 ஏற்பதுமில்லை. எட்டு பிட் முழு எண்ணுக்கும் எட்டு பிட் பின்னத்துக்கும் ஒதுக்கிக் கணக்கிடுவதும், விடைகளை முன்கூட்டியே அட்டவணையாக வைப்பதுமே நல்ல வழி.

நினைவகக் கணக்கும் இதே அளவு கவனத்தைக் கேட்கிறது. கணினியைப் போட்டதும் பேசிக் மொழிக்கு 38911 பைட்டுகள் இருப்பதாகத் திரை காட்டும். பேசிக் மொழி பதிந்துள்ள ரோமை (மாற்ற முடியாத நினைவகம்) சிசி65 மறைத்துவிடுவதால், 2049-ஆம் முகவரியிலிருந்து 53247 வரை ஏறத்தாழ 50 கிலோபைட் நமக்குக் கிடைக்கிறது. நிரல், தரவு, ஸ்டாக் (செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவிடம்) எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரே ஒரு சொற்றொடரைத் திரையில் காட்டுவதற்காக 'பிரின்ட்எஃப்'-ஐ அழைத்தால், அதன் வடிவமைப்பு வேலைகளுக்கான நிரல் முழுவதும் உடன் வந்து சில கிலோபைட்டுகளை விழுங்கிவிடும். 'சிபுட்ஸ்' அந்த வேலையை எளிதாக முடிக்கும். புராசசரின் சொந்த ஸ்டாக் 256 பைட் மட்டுமே என்பதால், தன்னையே ஆழமாக அழைக்கும் செயற்கூறுகளைக் கைவிடுவது நல்லது. அவ்வாறு தன்னை அழைக்காத செயற்கூறுகளின் உள்மாறிகளை எல்எல்விஎம்-எம்ஓஎஸ் தானே கண்டறிந்து நிலையான முகவரிகளில் வைக்கிறது. சிசி65-இல் அதை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். இந்த ஒரு மாற்றம் தரும் வேகத்தைக் கண்டவர்கள் அதைப் பின்னர் விட மாட்டார்கள்.

இன்னும் இடம் வேண்டும் என்று கணினியின் அடிப்படைச் செயற்கூறுகள் உள்ள கெர்னல் ரோமையும் மறைப்பவர்கள், இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தும் அழைப்பு) வரும்போது புராசசர் தேடிச் செல்லும் 65534-ஆம் முகவரியில் அப்போது ரோமுக்குப் பதில் வெறும் ரேம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இன்டரப்டை நிறுத்திவைத்தாலும் ரிஸ்டோர் விசை அதற்குக் கட்டுப்படாது. அந்த விசைக்காகப் புராசசர் பார்க்கும் 65530-இலும் உரிய முகவரியை எழுதிவைக்க வேண்டும்.

எழுத்துக்குறியிலும் ஒரு சிக்கல் உண்டு. நிரலுக்குள் எழுதிய சொற்களைச் சிசி65 கமடோருக்கே உரிய பெட்ஸ்கி எழுத்துக்குறி முறைக்கு மாற்றிவிடும். தனிக் கோப்பாக வட்டில் வைத்த, பொதுவான ஆஸ்கி முறை உரையை அது தொடாது. அதனால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறித் தோன்றும்.

வெற்று லூப்பைச் சுற்றவிட்டு நேரத்தை அளப்பது இங்கே பலிக்காது. எழுத்துத் திரையில் எட்டு வரிக்கு (திரையின் மெல்லிய கிடைக்கோடு ஒவ்வொன்றும் ஒரு வரி) ஒருமுறை, திரைக்காட்சியை உருவாக்கும் விஐசி-2 சிப் புராசசரை நிறுத்தி, 40 கடிகாரச் சுழற்சிகளுக்கும் மேல் தனக்கென எடுத்துக்கொள்கிறது. திரை வரி எண்ணை 53266-இல் படித்து அதனோடு ஒத்திசைவதே முறை. அங்கே கீழ் எட்டு பிட் மட்டுமே இருக்கிறது. ஒன்பதாவது பிட் 53265-இன் மேல்முனையில் உள்ளது. அதைப் பாராதவருக்கு, பால் (PAL) என்னும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான கணினியில் 10-ஆம் வரியும் 266-ஆம் வரியும் ஒன்றாகவே தெரியும்.

கடைசியாக, பழைய கணினியைப் புதிய கணினியில் போலச் செய்து காட்டும் வைஸ் எமுலேட்டர் மிகச் சிறந்த கருவியே என்றாலும், நிரலை நொடியில் நினைவகத்தில் இறக்கிவிடும் அதன் வசதி உண்மையை மறைக்கிறது. 1541 வட்டு இயக்கி நொடிக்கு ஏறத்தாழ 400 பைட்டுகளையே தருவதால், 50 கிலோபைட் நிரல் ஏறுவதற்கு இரண்டு நிமிடத்துக்கும் மேலாகும். மேலும், ஐரோப்பியப் பால் கணினியில் ஒரு திரைக்கு 19656 சுழற்சிகள் கிடைக்க, அமெரிக்க என்டிஎஸ்சி கணினியில் 17095 மட்டுமே கிடைக்கும். இரண்டு அமைப்புகளையும் வைஸிலேயே மாற்றி மாற்றிச் சோதித்து, வட்டிலிருந்து உண்மையான வேகத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்த்த பிறகே நிரலைப் பிறர் கையில் கொடுக்க வேண்டும்.