தூண்டில் ரீலில் நரம்பு ஏன் சிக்குகிறது, எப்படி எடுப்பது, எப்படித் தடுப்பது

வீசிய லூர் (செயற்கை இரை) பாதி தூரத்தில் சடக்கென்று நின்றுவிடும். பார்த்தால் ராடின், அதாவது தூண்டில் கோலின், முதல் வளையத்தில் நரம்பு பந்தாகத் திரண்டிருக்கும். வீசியது சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஸ்பின்னிங் ரீலில் பெரும்பாலும் அந்த வீச்சின் மேல் குற்றமில்லை. முன்பு எப்போதோ சுற்றும்போது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலில் தளர்வாக விழுந்த ஒரு கண்ணி, இந்த வீச்சில் நாலைந்து சுற்றுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வீசும்போது ஸ்பூலே சுழலும் பெய்ட்காஸ்டர் ரீலில் அப்படியில்லை. அங்கே சிக்கு வீசும் நொடியிலேயே உருவாகிறது. காரணம் வேறு என்பதால் வைத்தியமும் வேறு.

ஸ்பின்னிங் ரீல்: நரம்பு ஏற்றும்போது

இந்த ரீலில் சுற்றும்போது ஸ்பூல் சுழல்வதில்லை. பெயில் கம்பிதான் ஸ்பூலைச் சுற்றி வந்து நரம்பைப் போடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும், வீசும்போது அது இறங்கிவிடும். புது நரம்பு ஏற்றும்போது மட்டும் திசை தவறினால் ஏறிய முறுக்கு அப்படியே தங்கிவிடுகிறது. ஒற்றை இழையான மோனோ நரம்பில் இது முதல் நாளே தெரியும். தளர்த்தியவுடன் நரம்பு தன்னைத்தானே பின்னிக்கொள்ளும்.

புதுச் சுருளை லேபிள் மேலே இருக்கும்படி தரையில் படுக்க வையுங்கள். நரம்பை ராடில் ரீலுக்குப் பக்கத்திலுள்ள பெரிய வளையத்தில் நுழைத்து, பெயிலைத் திறந்து, ஸ்பூலில் கட்டி, பிறகு பெயிலை மூடுங்கள். பெயில் மூடியிருக்கும்போதே கட்டிவிட்டு, கைப்பிடியைச் சுற்றியும் நரம்பு ஏறவில்லையே என்று விழிப்பவர்கள் ஏராளம். ஈரத்துணியால் நரம்பை விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்தபடி சுற்றுங்கள். 15 முதல் 20 கைப்பிடிச் சுற்று ஆனதும் நிறுத்தி, ராடைச் சுருள் பக்கம் தாழ்த்தி ஒரு மீட்டர் நரம்பைத் தளரவிடுங்கள். லேசாக வளைந்து தொங்கினால் சரி. திருகிப் பின்னினால் சுருளைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். லேபிள் மேலேயா கீழேயா என்பதை இந்தச் சோதனைதான் முடிவுசெய்ய வேண்டும், பெட்டியில் அச்சிட்ட படம் அல்ல.

பல இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பை உலோக ஸ்பூலில் நேராகக் கட்டக்கூடாது. மொத்தச் சுற்றும் வழுக்கி ஓடும், பெரிய மீன் இழுக்கும்போது டிராக் (பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கெட்டுவிட்டது போலத் தோன்றும். முதலில் 5 முதல் 10 மீட்டர் மோனோவைச் சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். பிரெய்டைக் கெட்டியாகச் சுற்ற வேண்டும். ஏற்றி முடித்தபின் கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தினால் பஞ்சு போல் அமுங்கக்கூடாது.

ஸ்பூல் விளிம்புக்கும் நரம்புக்கும் இடையில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் மோனோ சுருள் சுருளாகத் தானே உதிரும். ரொம்பக் குறைத்தால் நரம்பு விளிம்பில் உரசி தூரம் குறையும். எதில் தவறுவது என்று கேட்டால், கொஞ்சம் குறைவாக நிரப்புவதே மேல்.

நரம்பு படிந்திருக்கும் வடிவத்தையும் பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பாருங்கள். முன்பக்கம், அதாவது விளிம்புப் பக்கம், மேடாக இருந்தால் சுற்றுகள் எளிதில் சரிந்து விழும். ஸ்பூலைக் கழற்றி அச்சில் ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டால் ஸ்பூல் சற்று முன்னே தள்ளி நிற்கும், நரம்பு பின்பக்கம் ஏறும். பின்பக்கம் மேடாக இருந்தால் ஒரு வாஷரை எடுத்துவிடுங்கள். ரீல் பெட்டியில் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையங்கள் பெரும்பாலும் இதற்காகத் தந்தவைதான்.

பெயிலைக் கையால் மூடுங்கள்

ஸ்பின்னிங் ரீல் சிக்குக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். லூர் தண்ணீரைத் தொடும்போது நரம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடினால், தளர்ந்த நரம்பு பெயிலின் ஓரத்திலுள்ள உருளையில் உட்காராமல் ஒரு கண்ணியாக ஸ்பூலின் முகப்பில் விழுகிறது. அடுத்து வரும் சுற்றுகள் அதை மூடிவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. அடுத்த வீச்சில் அந்த ஆழத்துக்கு நரம்பு ஓடும்போதுதான் அது வெளிப்படும்.

லூர் விழப்போகும்போது சுட்டுவிரலை ஸ்பூல் விளிம்பில் லேசாக வைத்து ஓட்டத்தைத் தடுங்கள். விழுந்ததும் மறு கையால் பெயிலை மூடுங்கள். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பைப் பிடித்து, விறைக்கும்வரை ஒரு இழுப்பு இழுங்கள். அதன்பிறகே கைப்பிடி. இரண்டு நொடி வேலைதான். மெல்லிய பிரெய்டில் இதைச் செய்யாமல் வீசிக்கொண்டே இருந்தால் சிக்கு நிச்சயம். கனமில்லாத லூரும், இழுத்து இழுத்துத் தளரவிடும் ஆட்டமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அப்படி மீன் பிடிப்பவர்கள் சுற்றும்போது நரம்பை விரலிடுக்கில் ஓடவிட்டு அழுத்தம் கொடுப்பது நல்லது.

முறுக்கு ஏறும் இன்னொரு வழி டிராக். மீன் நரம்பை இழுத்து ஓடுகிறது, டிராக் கிர்ரென்று சத்தமிடுகிறது, நாம் பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுகிறோம். நரம்பு உள்ளே வருவதில்லை, முறுக்கு மட்டும் ஏறுகிறது. 5:1 விகித ரீலில் ஒரு கைப்பிடிச் சுற்றுக்கு 5 முறுக்கு. பத்து முறை சுற்றினால் ஐம்பது. டிராக் ஓடும்போது சுற்றாதீர்கள். ராடை உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

சுழலும் தகட்டு லூருக்கு முன்னால் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போடுங்கள். பெயில் உருளை துருவேறி நின்றுவிட்டாலும் முறுக்கு ஏறும், நரம்பும் தேயும். விரலால் உருட்டிப் பாருங்கள். உருளவில்லை என்றால் கழுவித் துடைத்து ஒரு சொட்டு ரீல் எண்ணெய். முறுக்கு ஏற்கெனவே ஏறிவிட்டதா? லூர், ஸ்விவல் எல்லாவற்றையும் கழற்றி வெறும் நரம்பை, ஓடும் படகின் பின்னாலோ ஆற்று ஓட்டத்திலோ வீசும் தூரத்தைவிடக் கூடுதலாக விட்டுச் சில நிமிடம் இழுபட வையுங்கள். தானே பிரிந்துவிடும்.

காற்றுமுடிச்சை எடுப்பது

பிரெய்டில் விழும் இந்தப் பந்தை எல்லோரும் முடிச்சு என்கிறோம், ஆனால் நரம்பின் நுனி எதற்குள்ளும் நுழையவில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த கண்ணிகள்தான் அவை. இழுத்து இறுக்காதவரை பெரும்பாலும் பிரிந்துவிடும்.

1. கண்டவுடன் சுற்றுவதை நிறுத்துங்கள். லூரின் பாரம் பந்தின்மேல் விழாதபடி நரம்பைத் தளர்த்துங்கள்.
2. பந்தைத் தண்ணீரில் நனையுங்கள்.
3. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக எல்லாப் பக்கமும் மெதுவாக விரித்துப் பந்தைப் பெரிதாக்குங்கள். இரு முனைகளையும் எதிரெதிராக இழுக்கவே கூடாது.
4. நடுவில் இறுகிய இடத்தை மழுங்கிய குச்சியாலோ பல்குச்சியாலோ தளர்த்துங்கள். தூண்டில் முள் நுனியால் குத்தினால் இழைகள் பிய்ந்துவிடும்.
5. ஒரு பெரிய கண்ணி தளர்ந்ததும் அதை மற்றவற்றின் மேலாகப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். பல நேரம் மொத்தமும் அதோடு உதிர்ந்துவிடும்.

ஸ்பூலின் முகப்பில் கண்ணி நீட்டிக்கொண்டிருப்பதை வீசும் முன்பே பார்த்துவிட்டால் அது அதிர்ஷ்டம். வீசாமல் பெயிலைத் திறந்து, கண்ணி வெளியே வரும்வரை கையால் நரம்பை உருவி, விரலால் அழுத்தியபடி திரும்பச் சுற்றுங்கள்.

ஸ்பூலுக்கு அடியில் நரம்பு இறங்கி அச்சில் சுற்றிக்கொண்டால் வலுவாக இழுக்க வேண்டாம். டிராக் குமிழை முழுதும் திருகி எடுத்து ஸ்பூலைத் தூக்கினால் சுற்று கண்ணுக்குத் தெரியும், கையாலேயே எடுக்கலாம். வாஷர் கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெய்ட்காஸ்டர்: ஸ்பூல் முந்திக்கொள்ளும்போது

இந்த ரீலில் வீசும்போது ஸ்பூலே சுழல்கிறது. காற்றில் போகும் லூர் வேகம் குறைகிறது, ஸ்பூல் குறையவில்லை. வெளியேற முடியாத நரம்பு ஸ்பூலின் மேல் குவிகிறது. அதுதான் குருவிக்கூடு. இதைத் தடுக்க மூன்று உண்டு: பக்கத்திலுள்ள டென்ஷன் திருகு, பிரேக், உங்கள் கட்டைவிரல். முதல் இரண்டும் கட்டைவிரலுக்கு உதவியாளர்கள் மட்டுமே.

லூர் மாற்றும் ஒவ்வொரு முறையும் டென்ஷனைப் புதிதாக வையுங்கள். ராடை முன்னால் நீட்டி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் லூர் சரசரவென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும், அரைச் சுற்றுக்கு மேல் ஓடக்கூடாது. பிரேக்கை முதலில் உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து, கை பழகப் பழக ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். தூரம் வரவில்லை என்று முதல் நாளே பிரேக்கைக் குறைப்பவர் அன்றைய பொழுதைச் சிக்கு எடுத்தே கழிப்பார்.

சிக்கு வீச்சின் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கவனித்தால் காரணம் பிடிபடும்.

தொடக்கத்திலேயே, லூர் சில மீட்டர் போவதற்குள் விழுந்தால், வெடுக்கென்று வீசுகிறீர்கள். ஸ்பூல் ஒரே அடியில் உச்ச வேகத்துக்குப் போய்விடுகிறது. லூரை நுனியிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தொங்கவிட்டு, ராடு பின்னால் வளைந்து பாரம் ஏறுவதை உணர்ந்து, சீராக முன்னே கொண்டுவாருங்கள். மையவிலக்கு பிரேக் உள்ள ரீலாக இருந்தால் பக்கத் தகட்டைத் திறந்து இன்னும் ஒன்றிரண்டு கட்டைகளை இயக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த வகை பிரேக் ஸ்பூல் மிக வேகமாகச் சுழலும்போதுதான் நன்றாகப் பிடிக்கும்.

நடுவில் விழுந்தால் பெரும்பாலும் எதிர்காற்று, அல்லது கனமில்லாத, காற்றில் புரளும் லூர். காந்த பிரேக்கைக் கூட்டுங்கள், லூரைத் தாழ்வாக வீசுங்கள், ஸ்பூலின் மேல் நரம்பு மெல்ல எழும்புவதைக் கட்டைவிரல் உணர்ந்தவுடன் லேசாகத் தொடுங்கள்.

கடைசியில், லூர் தண்ணீரில் விழுந்த பிறகு சிக்கு விழுந்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான். கட்டைவிரல் ஸ்பூலை நிறுத்தவில்லை. லூர் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தி நிறுத்திவிட வேண்டும்.

பழக 12 முதல் 14 பவுண்டு வலுவுள்ள மோனோவும், முள் இல்லாத 15 முதல் 20 கிராம் எடையும் போதும். வெட்டவெளியில் தரையிலேயே வீசிப் பழகலாம். வழக்கமாக வீசுவதைவிடச் சில மீட்டர் கூடுதலாக நரம்பை உருவிவிட்டு, ஸ்பூலில் மீதமிருப்பதன் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டித் திரும்பச் சுற்றினால், சிக்கு அதற்குக் கீழே இறங்காது. மீன் பிடிக்கப் போகும்போது நாடாவை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓடும் மீன் அங்கேயே நின்று நரம்பை அறுக்கும்.

குருவிக்கூட்டை எடுக்கும் முறை பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். டிராக்கை முழுதும் இறுக்குங்கள். கட்டைவிரலால் ஸ்பூலின் மேல் குவிந்த நரம்பை அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படுத்த கண்ணிகள் நேராகும். பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை உருவுங்கள். மாட்டினால் மறுபடி அழுத்திச் சுற்றி உருவுங்கள். தொடர்ந்து மாட்டும் இடத்தில் நரம்பின் குறுக்கே V வடிவில் ஒரு கண்ணி கிடக்கும். அதைத் தூக்கி வெளியே இழுத்தால்தான் அடியிலுள்ளது விடுபடும். மாட்டிய நரம்பையே பலமாக இழுப்பது அதை இன்னும் ஆழத்தில் புதைக்கும்.

எடுத்து முடித்ததும் சிக்கியிருந்த பகுதியை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். மோனோவிலும் ஃப்ளோரோகார்பன் நரம்பிலும் கூர்மையாக மடிந்த இடமோ வெள்ளைத் தழும்போ இருந்தால் அங்கே வெட்டித் திரும்பக் கட்டுங்கள். அடுத்த நல்ல மீன் அங்கேதான் அறுக்கும்.

பெய்ட்காஸ்டரில் பிரெய்டு போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடியில் மாட்டிய லூரைப் பலமாக இழுத்தபின் நரம்பு கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்திருக்கும். அப்படியே வீசினால் ஸ்பூல் நடுவழியில் நின்று, லூர் மட்டும் அறுந்து பறக்கும். புதைந்த இடம் தாண்டும்வரை உருவி, கெட்டியாகத் திரும்பச் சுற்றிவிட்டு வீசுங்கள்.

லூர் அறுந்து பறப்பது

கரையிலிருந்து கனமான ஈயம் வீசும்போது நரம்பின்மேல் விழும் அதிர்ச்சி அந்த எடையைப் போலப் பல மடங்கு. ஒவ்வொரு 28 கிராம் எடைக்கும் 10 பவுண்டு வலுவுள்ள லீடர் (நரம்பின் நுனியில் கட்டும் வலுவான துண்டு) என்பது பழைய, நம்பகமான கணக்கு. 112 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு லீடர். ஈயம் வீசும் நிலையில் தொங்கும்போது ஸ்பூலில் குறைந்தது ஐந்தாறு சுற்று லீடர் இருக்க வேண்டும். லீடர் முடிச்சு தடிமனாக இருந்தால் வளையத்தில் தட்டும். நுனி வாலை ஒட்ட வெட்டி, முடிச்சை ஸ்பூலின் பின்பக்கம் விழும்படி வைத்து வீசுங்கள்.

பலமாக வீசும் முன் டிராக்கை இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் ஸ்பூல் வழுக்கும், பிரெய்டு சுட்டுவிரலைக் கத்திபோல் அறுக்கும். விரலுறை அவசியம். வீசும்போது பெயிலைத் தாங்கும் ரோட்டர் சுழன்று பெயில் தானே மூடிக்கொண்டாலும் ஈயம் அறுந்து போகும். பெயில் ஸ்பிரிங் தளர்ந்த ரீலில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

லூர் வானத்தை நோக்கிப் போனால் விரலைச் சீக்கிரம் விடுகிறீர்கள். காலடியில் விழுந்தால் தாமதமாக விடுகிறீர்கள். வீசும் முன் ராடின் நுனியைப் பாருங்கள். காற்றில் நரம்பு நுனியில் ஒரு சுற்று சுற்றியிருந்தால் லூரோடு ராடு நுனியும் போகலாம். பின்னால் ஆள் இருக்கிறாரா, தலைக்கு மேல் மின்கம்பி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்.

வளையத்தின் உட்பக்கத்தில் ஒரு பஞ்சுக்குச்சியைச் சுழற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் பீங்கான் கீறியிருக்கிறது. எவ்வளவு நல்ல நரம்பு போட்டாலும் அந்த வளையம் அதைத் தின்றுகொண்டே இருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

அடியில் மாட்டிய லூரை ராடை வளைத்து இழுக்காதீர்கள். விடுபட்டால் முகத்தை நோக்கித்தான் வரும். ராடை நரம்புக்கு நேராகப் பிடித்து, முகத்தைத் திருப்பி, ஸ்பூலைக் கையால் பிடித்தபடி பின்னோக்கி நடங்கள். பிரெய்டை வெறுங்கையில் சுற்றி இழுக்க வேண்டாம். ஒரு கட்டையில் நாலு சுற்று சுற்றிக் கட்டையைப் பிடித்து இழுங்கள்.